மூன்று கொட்டேஷன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இது நான் கூட இருந்து பார்த்த கதை இல்லை. பாதி எங்கள் கம்பெனி கேன்டீனில் கேட்டது. மீதி சுகந்தி அக்கா சொன்னது. சுகந்தி அக்கா என்றால் சென்னியப்பன் அண்ணனின் மனைவி. சென்னியப்பன் அண்ணன் என்றால் எங்கள் பர்ச்சேஸ் செக்ஷனில் எனக்கு எதிர் மேஜை. நான் நேரில் பார்த்தது இரண்டே இரண்டு. ஒன்று, ஒரு எக்செல் தாள். இன்னொன்று, ஓர் ஆணி. அந்த இரண்டுக்கும் நான் பொறுப்பு. மற்றதெல்லாம் கேட்டது கேட்டபடி.

உங்கள் மடியில் இருக்கிற ஃபைலை நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. சிங்காநல்லூர் திருப்பத்தில் பஸ் குலுங்கியபோது அதுவாகத் திறந்தது. மேலே பேங்க் விண்ணப்பம், அதிலேயே கிளிப் போட்டு லோன் ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டு. இரண்டில் எது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, சரிதானே? அதனால்தான் வாயைத் திறந்தேன். பொதுவாக நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை.

நாங்கள் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி. கணபதியில் இருக்கிறது. அங்கே ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். அதாவது மூன்று கடையில் எழுத்தில் விலை வாங்கி, ஒரு பட்டியல் போட்டு, எது குறைவோ அதற்கு எல்-ஒன் என்று பெயர் வைத்து, அவரிடம்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டர் சிவப்பு மையில் சுழிப்பார்.

சென்னியப்பன் அண்ணனுக்கு அந்தச் செக்ஷனில் இருபத்திரண்டு வருஷம். சட்டம் அவர் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஒரு ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் மொத்தமாக வாங்க வேண்டியிருந்ததாம். மூன்று பேரிடம் எழுத்தில் கேட்டாராம். "ஏனுங்க, பூசணிக்காய்க்குமா லெட்டர்பேடு?" என்று உழவர் சந்தைக்காரர் கேட்டாராம். கேட்டுவிட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தாராம். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆக, நேரில் பார்த்தது மூன்று என்று திருத்திக்கொள்கிறேன்.

பெண் பார்க்கப் போனபோதும் மூன்று இடம்தான். சுகந்தி அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். "மத்த ரெண்டு வீட்டுலயும் மண்டபம் புடிக்கோணும்ன்னாங்க. எங்கப்பா கோயில்லயே வெச்சுக்கலாம்ன்னுட்டாரு. நான் எல்-ஒன் பொண்டாட்டிங்க." அண்ணன் அதற்குச் சிரிக்க மாட்டார். அது உண்மைதானே என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

பதினாறு வருஷமாக அவர்கள் வாடகைக்கு இருந்தது ஒரு லைன் வீட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. வீட்டுக்காரர் பொன்னுசாமி நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கண்டிஷன், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தால் கடிகாரம் நடுங்கிக் குப்புற விழும். கடைசியில் அதை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். மணி என்னவென்று பார்க்க சுகந்தி அக்கா ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

"எனக்குப் பெருசா ஆசையெல்லாம் இல்ல அம்மணி," என்று என்னிடமே ஒரு தடவை சொன்னார். "என்ற செவுத்துல நானே ஒரு ஆணி அடிக்கோணும். அவ்வளவுதான்."

அந்த ஆணிக்குத்தான் வீடு. சின்னவேடம்பட்டியில் ரங்கநாயகி டீச்சர் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், ஓசூரில் மகனோடு போய்ச் சேரப்போகிறார் என்று வீட்டை விற்கிறார். போய்ப் பார்த்தார்கள். அண்ணன் தரை, தண்ணீர், பட்டா எல்லாம் கேட்டார். சுகந்தி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்தச் செவுத்துல ஆணி எறங்குமாங்க டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்ல செங்கல் கண்ணு. நேரா எறங்கும்."

அந்தக் கேள்விக்காகவே டீச்சர் விலையைக் கொஞ்சம் குறைத்தார் என்று சுகந்தி அக்கா நம்புகிறார். இருக்கலாம். அக்ரிமென்ட் போட்டார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்குள் கிரயம் முடிய வேண்டும். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், ஆனி முடிவதற்குள் டீச்சரின் மகனும் லாரியோடு வந்துவிடுவான். இரண்டு மாதம் இருந்தது. திரும்பி வருகிற வழியிலேயே சுகந்தி அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு ஹார்டுவேர் கடையில் கால் கிலோ ஆணி வாங்கினார். இரண்டு இஞ்ச்.

"ஒரே கடையிலயா வாங்குன?" என்று அண்ணன் கேட்டாராம்.

இனிமேல்தான் உங்கள் ஃபைல் விஷயம் வருகிறது.

முதலில் அண்ணன் சம்பளக் கணக்கு இருக்கிற பேங்குக்குப் போனார்கள். லோன் செக்ஷனில் காஞ்சனா மேடம். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாராம். கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதற்கான மதிப்பெண்ணை, எடுத்துப் பார்த்தார். எழுநூற்று எண்பத்தொன்று, பழைய வண்டிக் கடனை ஒரு தவணை தவறாமல் அடைத்ததால். "ரொம்ப நல்லா இருக்கு சார். பேப்பர்ஸ் குடுங்க, லீகல், வேல்யுவேஷன் முடிச்சு ஒரு மாசத்துல தந்திரலாம். ஒண்ணே ஒண்ணு, வேற எங்கயும் அப்ளை பண்ணிராதீங்க."

அண்ணன் வீட்டுப் பேப்பர்களை நீட்டிக்கொண்டே, "வட்டி எவ்வளவுன்னு ஒரு கொட்டேஷன் குடுங்க. சீல் வெச்ச கவர்ல," என்றாராம்.

"கவரா?"

"கவர்தானுங்க. மேல 'வீட்டுக் கடன்'னு எழுதிருங்க."

மேடம் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தாராம்.

அடுத்து ஏஜென்ட் ஜெயசிம்மன். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் ஆபீஸ். போனவுடன் டீ, வெஜ் பஃப்ஸ். அவர் உட்காரவே இல்லையாம். அறைக்குள் நடந்துகொண்டே பேசினாராம். "பேங்க்குக்கு நீங்க போனீங்கன்னா வரிசைல நிக்கோணும். நான் போனா சேர் போடுவாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், மீதிய நான் பாத்துக்கறேன். ஆனா ஃபைல எனக்குக் குடுத்தா எனக்கு மட்டும் குடுங்க. பத்து எடத்துல நீட்டுனா உங்க பேரு கெட்டுரும்."

மறுநாள் அண்ணன் ஆபீஸுக்கு வந்து சொன்னதை நான் கேட்டேன். இதையும் நேரில் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

"பாத்தியா அம்மணி? பேங்க்கும் அதையேதான் சொல்றாங்க, ஏஜென்ட்டும் அதையேதான் சொல்றான். 'வேற எங்கயும் போகாதீங்க.' இருவத்திரண்டு வருஷமா போல்ட் விக்கறவன், பேரிங் விக்கறவன், ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் எங்கிட்டச் சொன்னது இதுதான்."

நான் சிரித்தேன். சிரித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தலையாட்டினேன். எனக்கு அந்தச் செக்ஷனில் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் பில் தொடங்கி யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். எழுத்தில் இருப்பதை வரிக்கு வரி படித்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அண்ணனுக்கும் அதே நம்பிக்கை. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

சுகந்தி அக்காவுக்குத்தான் குழப்பம். "பேங்க்ல அந்தம்மா சேர உட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏஜென்ட்டு உக்காரவே மாட்டேங்கறாரு. ஏனுங்க, இதுல யார நம்பறது?"

"யாரையும் நம்ப வேண்டாம். அதுக்குத்தான மூணு கொட்டேஷன்," என்றாராம் அண்ணன்.

ஆனால் கையில் இருந்தது இரண்டு. அதிலும் ஒன்று பேங்க், ஒன்று ஏஜென்ட். பம்ப்பையும் பைப்பையும் ஒரே பட்டியலில் போட முடியாது இல்லையா? ஆகவே பேங்க்கில் மூன்று, ஏஜென்ட்டில் மூன்று. மொத்தம் ஆறு. இதை அண்ணன்தான் சொன்னார். நான் சொன்னதாகக் கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. நான் சொன்னது, "ஆறு வரிசை போட்டால் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும்" என்பது மட்டும்தான்.

அந்தப் பட்டியல் நான் போட்டது. அதை மறுக்க மாட்டேன். ஆறு வரிசை, பதினான்கு பத்தி. வட்டி, பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம், எத்தனை நாள், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, எல்லாம் இருந்தது. மரியாதை என்று ஒரு பத்தி, பத்துக்கு எத்தனை என்று. அது என் யோசனை. 'வேறு எங்கும் போகாதீர்கள் என்று சொன்னாரா?' என்று இன்னொரு பத்தி. ஆமாம் என்றால் ஐந்து மதிப்பெண் குறையும், கட்டம் தானாகச் சிவப்பாகும். அந்தச் சிவப்பை வரவைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன் அக்கா.

காஞ்சனா மேடத்துக்குச் சிவப்பு. ஜெயசிம்மனுக்குச் சிவப்பு. மற்ற நாலு பேரும் பச்சை. அவர்கள் எல்லாரும், "தாராளமா நாலு எடத்துல கேட்டுப் பாருங்க சார், அப்பறம் எங்ககிட்டத்தான் வருவீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். ஆளுக்கு ஒரு பான் கார்டு நகல், மூன்று கையெழுத்து. "சும்மா ஒரு கொட்டேஷனுக்குத்தான்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் போன் ஓயவில்லை. பச்சை வாங்கிய இரண்டு ஏஜென்ட்டுகளும் ஃபைலை ஆளுக்கு ஏழெட்டு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பெயரே கேள்விப்படாத ஃபைனான்ஸ் கம்பெனிகளிலிருந்தெல்லாம் 'தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று மெசேஜ். கேன்டீனில் அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆறு கேட்டார், பதினேழு வந்தது. "பூசணிக்காய்க்கு மூணு கொட்டேஷன் வாங்க நான் பட்ட பாடு! இங்க பாரு, கேக்காமயே வருது." அந்த வாரம் அவர் நடையே வேறு. பதினேழு பேர் தனக்குக் கடன் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒரு மனிதன் நினைத்தால் நடை மாறத்தானே செய்யும்?

பட்டியல் முடிந்தது. வட்டியில் எல்-ஒன் காஞ்சனா மேடத்தின் பேங்க். மொத்த மதிப்பெண்ணில் மட்டும் அவர்கள் ஐந்தாம் இடம், அந்தச் சிவப்பினால். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாங்கள் ஒரு வாரம் விவாதித்தோம். கடைசியில் அண்ணன், வட்டிதான் முக்கியம், எல்-ஒன் எல்-ஒன்தான் என்று முடிவு செய்தார். சரியான முடிவு. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அப்படியானால் உடனே போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பர்ச்சேஸில் அப்படிச் செய்ய மாட்டோம் அக்கா. விலை குறைத்துக் கொடுத்தவரை உடனே கூப்பிடக் கூடாது. பத்து நாள் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். ஆர்டர் கை நழுவுகிறதோ என்று அவருக்கு வியர்க்கும். அவரே போன் செய்து, "இன்னொரு கால் பெர்சென்ட் பாத்துக்கலாங்க" என்று இறங்கி வருவார். போல்ட்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள்.

பேங்க் வரவில்லை.

அண்ணன் ஒரு நாள் பேங்க் வாசலில் இருக்கிற டீக்கடையில் டீ குடித்துவிட்டு, உள்ளே போகாமல் வந்தாராம். தான் இருப்பது அவர்கள் கண்ணில் பட வேண்டும், ஆனால் அவசரம் இல்லை என்றும் தெரிய வேண்டும். மறுநாளும் குடித்தார். மூன்றாம் நாள் காஞ்சனா மேடம் வெளியே வந்து, அவரைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாராம்.

"இன்னும் வேர்க்கலை போல," என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

இதற்கிடையில் சுகந்தி அக்கா பொன்னுசாமியிடம், ஆனியோடு காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். பொன்னுசாமி வேறு ஒரு குடும்பத்திடம் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். எந்தச் சுவரில் கடிகாரம், எந்தச் சுவரில் சாமி படம் என்று அக்கா ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார்.

ஆனி பதினெட்டாம் தேதி அண்ணன் பொறுமை இழந்து உள்ளே போனார். அன்றைக்கு நான் லீவு. கேன்டீனில் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"வந்துட்டீங்களா சார்," என்றாராம் மேடம். "லீகல், வேல்யுவேஷன் எல்லாம் வந்து ரொம்ப நாளாச்சு. மாசம் தாண்டிட்டதுனால ஸ்கோர் மட்டும் இன்னொரு தடவ எடுத்தறேன்."

எடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"சார், ஒரு மாசத்துக்குள்ள பதினேழு எடத்துல கடன் கேட்டிருக்கீங்க. உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. அவர் வாழ்க்கையில் யாரிடமும் கைமாற்று வாங்காத மனிதர். கேன்டீனில் சில்லறை இல்லையென்றால் டீ குடிக்காமல் திரும்பி வருவார்.

"கஷ்டம் எதுவும் இல்லீங்களே. நான் கடன் கேக்கலீங்க. கொட்டேஷன்தான் கேட்டேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அவங்க ஒவ்வொருத்தரும் உங்க ரிப்போர்ட்ட எடுத்திருக்காங்க. அது பதிவாகும் சார். இவ்வளவு பேருகிட்டக் கேட்டா, இவருக்கு எங்கயும் கெடைக்கலன்னு அர்த்தம் ஆயிரும். ஸ்கோர் எழுநூறுக்குக் கீழ போயிருச்சு. மேலிடத்துல விட மாட்டாங்க."

"நான் வாங்கவே இல்லீங்களே மேடம்."

"சிஸ்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. நான் மொத நாளே சொன்னேன்."

"சொன்னீங்க," என்றாராம் அண்ணன். "எல்லாரும் சொல்றதத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சுட்டேன்."

காஞ்சனா மேடம் அன்றைக்குத்தான் அந்தச் சேரிலிருந்து எழுந்தாராம். எழுந்து போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாராம். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னாராம்.

அண்ணன் அங்கிருந்து நேராக ஜெயசிம்மனிடம் போனார். டீ வந்தது. ஜெயசிம்மன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நடந்துகொண்டே இருந்த மனிதர் உட்கார்ந்ததும் அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நானும் சொன்னேனே சார்."

"சொன்னீங்க."

"டீச்சர் நம்பர் அக்ரிமென்ட்ல இருக்கு. நான் வேணும்னா பேசிப் பாக்கட்டுங்களா? டைம் கெடைக்குதான்னு."

அண்ணன் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

வீட்டில் என்ன நடந்தது என்பதை சுகந்தி அக்காதான் சொன்னார். அவர் சொன்னபோது நான் கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினேழு பேரு. ஒருத்தருமா குடுக்கல?" என்று கேட்டாராம்.

"எல்லாரும் குடுக்கறதாத்தான் இருந்தாங்க. எல்லாருகிட்டயும் கேட்டதுனால யாரும் குடுக்கல."

"அந்த ஆணி வாங்குனன்ல, ஒரே கடைல. அந்தக் கடைக்காரன் என்னை என்ன ஏமாத்திப் போட்டான்?"

இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அண்ணன் சொல்லவில்லையாம்.

நாலு நாள் கழித்து டீச்சரே போன் செய்தார். "கண்ணு, ஒருத்தர் வந்து நின்னுட்டிருக்காரு. பணம் தயார்ங்கறாரு. உங்களுக்கு மூர்த்தத்துக்குள்ள முடியும்ன்னா சொல்லு, நான் அவர அனுப்பிப் போடறேன். முடியாதுன்னாலும் சொல்லிரு. அட்வான்ஸ்ல ஒரு ரூபா நான் புடிக்க மாட்டேன்."

சுகந்தி அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அக்காவே சொன்னார். "முடியாதுங்க டீச்சர்."

வாங்கினது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஜெயசிம்மன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டைம் கேட்கத்தான் போனாராம். டீச்சர் டைம் இல்லை என்றாராம். வீடு நன்றாக இருந்ததாம், விலையும் குறைவாக இருந்ததாம். இப்படித்தான் அவர் அண்ணனிடம் சொன்னார், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தப்பட்டுவிட்டு, "உங்களுக்கும் வீடு காலி பண்ணோணும் இல்லீங்களா? வாடகைக்கு நீங்களே வந்துருங்க சார். மூணு பேரு பாத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க எவ்வளவுன்னு சொல்லுங்க," என்றாராம்.

ஆடியில் வீடு மாற முடியாது. ஆனியில் ஐந்து நாள்தான் மிச்சம். அண்ணன் மற்ற மூன்று பேரையும்விட அதிகமாகச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பட்டியலில் அவரே கடைசி இடம்.

"ஒரே ஒரு கண்டிஷன் சார்," என்றாராம் ஜெயசிம்மன். "புதுசா பெயின்ட் அடிக்கறேன். செவுத்துல ஆணி மட்டும் வேண்டாம்."

பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பரிசாக ஒரு போட்டோ ஃபிரேம் கொண்டுபோனேன், மூன்று கடையில் விலை கேட்டு. சுவரில் மாட்டுகிற மாதிரி. அங்கே போன பிறகுதான் உறைத்தது. சுகந்தி அக்கா அதை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தார். அங்கே கடிகாரம் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

அக்கா என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கதவு திறந்திருந்தால் தெரியாத சுவர், கதவுக்குப் பின்னால். அதில் கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை லேசாகத் தூக்கி ஆணியைக் காட்டினார். டீச்சர் சொன்னது சரிதான், நேராக இறங்கியிருந்தது.

"மணி பாக்கோணும்ன்னா உள்ள வந்து கதவச் சாத்திக்குவேன்," என்றார்.

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவருகிட்டக் கேட்டிருந்தா மூணு செவுத்தப் பாத்துட்டு அடிக்கலாம்ன்னிருப்பாரு," என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

சூலூர் தாண்டியாயிற்று. நீங்கள் ஃபைலை ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், தாள் கசங்கும்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிலர் என் பட்டியலைக் குறை சொல்கிறார்கள். அந்தச் சிவப்புப் பத்தி இல்லாமல் இருந்திருந்தால் என்கிறார்கள். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. என்னுடன் முன்போலவே பேசுகிறார். மேஜையை மட்டும் ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார், வெளிச்சத்துக்காக. பட்டியலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமானால் போனிலேயே அனுப்புகிறேன், பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வேண்டாமா? சரி, பரவாயில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வாயில் கேட்டதை அப்படியே நம்புகிறவள் இல்லை நான். எனக்கும் மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் பதிவுத் துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். வீடு யார் பெயரில் இருக்கிறது, யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்று அதில் வந்துவிடும். ஆனி கடைசி முகூர்த்தத்தன்று ஜெயசிம்மன் பெயருக்குக் கிரயம். அதே நாளில் வீட்டுக் கடனுக்கு அடமானம். கடன் கொடுத்தது எந்த ஏஜென்ட் சொன்ன கம்பெனியும் இல்லை. அண்ணனின் சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க், காஞ்சனா மேடத்தின் கிளை. என் தாளில் முதல் வரிசை. ஆக, என் பட்டியலில் எல்-ஒன் சரியாகத்தான் வந்திருந்தது அக்கா. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.